மாலை ஆறிலிருந்து ஏழு வரை

விழுப்புரம்
20.2.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

காந்திமதி எழுதுகிறேன். விலாசத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் போட்டுவிடாதீர்கள். அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் உங்கள் பெயருக்கு மேலே என் வீட்டுக்காரர் பெயர் அச்சானதிலிருந்து எட்டு வருஷமாக நமக்குள் பேச்சில்லை. அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

இவரை சப்-ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை, பதினான்காம் தேதி, சாயந்திரம் ஆறரை மணிக்கு ஸ்டேஷன் ரோட்டில் இவர் வேலை செய்யும் ராஜாமணி ரைஸ் மில்லின் ஜீப் மோதி, பூக்காரி சின்னபொண்ணு அடிபட்டாள். ஓட்டியது முதலாளி ராஜாமணியின் மகன். மறுநாள் காலையில் முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். "அரங்கநாதா, மில்லு டிரைவரு நீதான? ரெண்டு நாளு போய் இருந்துட்டு வா. ஃபைன் கட்டி இட்டாந்துடறேன். பையன் காலேஜுல படிக்கிறான், பேரு வந்தா பேஜாராயிடும்" என்றார். நான் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "பதினோரு வருஷமா சோறு போட்டவரு வாசல்ல வந்து நிக்கிறாரு, எப்புடிடி இல்லன்றது?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு இவர் போய்விட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சின்னபொண்ணு இறந்துபோனாள். இப்போது மில்லுக்குப் போனால் முதலாளி ஊரில் இல்லை என்கிறார்கள். அவருடைய செருப்பு வாசலில் கிடக்கிறது.

அந்த நேரத்தில் இவர் விழுப்புரத்திலேயே இல்லை. மில்லுக்கு பெல்ட் வாங்கத் திண்டிவனம் போயிருந்தார். கடை பில் முதலாளி கையில் இருக்கிறது. நேற்று ஜெயிலில் பார்த்தபோது சொன்னார்: "உங்க அண்ணன் என்னைப் பாத்தாரு. பஸ் ஸ்டாண்டுல கம்பம் மாதிரி நின்னுக்கினு போற வர்ற ஜனங்கள எண்ணிக்கினு இருந்தாரு. பாக்கெட்டு நெறய மல்லாட்டை. என்னைப் பாத்ததும் மூஞ்சிய திருப்பிக்கினாரு. நானும் திருப்பிக்கினேன்."

இது நிஜமா அண்ணா? நிஜம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சின்னபொண்ணின் மகள் பாஞ்சாலி தினமும் சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நிற்கிறாள். திட்டவில்லை, அழவில்லை. நிற்கிறாள். உங்கள் மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறேன்.

காந்திமதி


திண்டிவனம்
24.2.1986

காந்திமதிக்கு,

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் என் விலாசம் உனக்கு நினைவிருப்பது ஆச்சரியம்தான். உன் வீட்டுக்காரருக்கு ஆபத்து வராமல் இருந்திருந்தால் மறந்தே போயிருக்கும்.

பத்திரிகையைப் பற்றிப் பேச உனக்கு நேரமில்லை. எனக்கு இருக்கிறது. முந்நூறு பிரதிகள். 'மருமகன் அரங்கநாதன்' தடித்த எழுத்தில். மூத்த மகன், எம்.ஏ. படித்தவன், மூன்றாவது வரியில், பங்காளிகளுக்குக் கீழே. திண்டிவனத்தில் என்னிடம் படித்த பையன்களின் வீட்டுச் சுவரிலெல்லாம் அது ஒட்டியிருந்தது.

நான் பஸ் ஸ்டாண்டில் நின்றது உண்மை. ஏன் என்று உன் வீட்டுக்காரர் கேட்டிருக்கமாட்டார், சிரித்திருப்பார். புதுச்சேரியில் ஒரு பதிப்பாளர் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சிறு புத்தகம் கேட்டிருக்கிறார்: 'புதுவை மாநிலத்தின் கலகலப்பான ஊர்கள்'. தலைமையாசிரியர் நாற்காலி என்னைவிட ஏழு வயது இளையவனுக்குப் போன பிறகு மாலை வேளைகளில் எனக்கு வேலையில்லை, ஒப்புக்கொண்டேன். எந்த ஊர் கலகலப்பானது என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள். எனக்கு அளவுகோல் வேண்டும். ஊரின் நெரிசலான ஓரிடத்தில், விசேஷமில்லாத ஒரு நாளில், மாலை ஆறிலிருந்து ஏழு வரை எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். ஐம்பது பேருக்கு ஒரு வேர்க்கடலை, இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு. மொத்தமும் குறிப்புகளும் நோட்டில். புதுச்சேரி நேரு வீதி முதலிடம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. காரைக்கால் இரண்டு. மாஹேக்கும் ஏனாமுக்கும் கோடை விடுமுறையில் போய் வந்தேன். மாஹே சின்ன ஊர், ஆனால் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. வில்லியனூரைத் தேர் நாளில் எண்ணினால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்; அது நியாயமில்லை என்பதால் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எண்ணினேன். வெளியூர்க்காரன் அந்த மாநிலத்துக்குள் நுழையும் வாசல்கள் என்பதால் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்தேன்.

ஆக, பார்த்தேன். ஆறு முப்பத்தைந்துக்கு. சாம்பல் நிறச் சட்டை, தோளில் சுருட்டிய பெல்ட்.

ஆனால் நான் ஏன் வர வேண்டும்? பிப்ரவரி ஏழாம் தேதி உங்கள் ஸ்டேஷன் ரோட்டையும் எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். அடுத்த வெள்ளிக்கிழமை, அதே நேரம், அதே தெருவில் ஒரு பெண்ணின் மேல் ஜீப் ஏறுகிறது. ஒருவனும் பார்க்கவில்லையா? அவர்களைக் கேள் முதலில். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்னைப் பிறகு கேட்கலாம்.

இன்னொன்று. உன் இன்லேண்ட் லெட்டரின் ஒரு பக்கம் ஒட்டாமல் வந்தது. நேற்று யாரோ ஓர் ஆள் பள்ளி வாசலில் பியூனிடம் பூகோள வாத்தியார் யார், வீடு எங்கே என்று விசாரித்திருக்கிறான். இனி கவரில் எழுது.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
28.2.1986

அண்ணா,

நீங்கள் சொன்னபடி கேட்டேன். ஸ்டேஷன் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடை கடையாக ஏறி இறங்கினேன்.

டீக்கடைக்காரர்: "நான் அப்பதாம்மா பால் எடுக்க உள்ள போனேன்." சைக்கிள் ஸ்டாண்டுக்காரர்: "சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஜனம் சூழ்ந்துக்கிச்சு." அந்த ஜனம் யார் என்றால் யாருக்கும் தெரியவில்லை. வாழைப்பழக் கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாத்தேன் கண்ணு. ஆனா பாக்கல. அந்த மில்லு லாரிலதான் எனக்குத் தாரு எறங்குது."

நான் வீடு திரும்புவதற்குள் மில் ஆள் ஒருத்தர் சந்து முனையில் நின்றார். "எதுக்கும்மா கடை கடையா போய்க்கினு? வயசுக்கு வர்ற பொம்பளப் புள்ளைய வச்சிக்கினு இருக்கற. வூட்ல இரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

வக்கீல் விருத்தாசலம் என்று ஒருவரைப் பார்த்தேன். நீங்கள் எண்ணிய நோட்டைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தேதியில், அந்த நேரத்தில் இவரைப் பார்த்ததாக நோட்டில் ஒரு வரி இருந்தால் போதுமாம். கேஸ் வருவதற்கு முன்பே எழுதியது என்பதால் வாய்ச் சொல்லைவிட அதற்குப் பலம் அதிகமாம். நீங்கள் வழியில் நாய் படுத்திருந்தால்கூட எழுதி வைப்பவர். உங்களுக்கு வரப் பயமாக இருந்தால் வர வேண்டாம். நோட்டை மட்டும் அனுப்புங்கள்.

காந்திமதி


திண்டிவனம்
5.3.1986

காந்திமதிக்கு,

நோட்டில் அவர் இல்லை.

பிப்ரவரி பதினான்காம் தேதிப் பக்கத்தில் பல குறிப்புகள் இருக்கின்றன. மேல்மலையனூர் போகும் கூட்டம் ஒன்று, ஆறு பத்துக்கு. கரும்பு லாரி மறித்ததால் நான்கு நிமிடம் நெரிசல். நரிக்குறவர் குடும்பம் ஒன்று, குழந்தைகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். மொத்தம் 1,812. அதில் அரங்கநாதன் கிடையாது. மறந்துபோகவில்லை. அவர் எதிரே வந்தபோது நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்தேன், நிறுத்தினேன். அவர் கடந்து போகும்வரை எண்ணவில்லை. அவருக்குப் பின்னால் வந்த கிழவியிலிருந்து மறுபடி தொடங்கினேன். வேண்டுமென்றே செய்தேன். அன்று இரவு சாப்பிடும்போது அதை நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு வரி நுழைக்க இடமிருந்தது. மொத்தத்தை என்ன செய்வது? 1,812 என்ற கணக்கின் நகல் ஏற்கெனவே புதுச்சேரியில் பதிப்பாளரிடம் போய்விட்டது. திருத்தினால் எந்த வக்கீலும் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவான். நடந்தது உண்மை என்றாலும் பொய்யாகிவிடும். பேனாவை மூடிவிட்டேன்.

இதோடு முடியவில்லை. முந்தாநாள் பள்ளி விட்டு வரும்போது புல்லட்டில் இரண்டு பேர் என்னோடு மெதுவாக வந்தார்கள். பின்னால் இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், நீங்க ஊரு ஊரா போய் ஆளு எண்றவராமே?"

"ஆமாம்" என்றேன்.

"உங்க வூட்ல எத்தினி பேரு சார்?"

"ரெண்டு பேர்" என்றேன்.

"அதை மொதல்ல ஒழுங்கா எண்ணி வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உன் அண்ணி வெள்ளையம்மாளை நேற்றே பிரம்மதேசத்துக்கு, அவள் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நான் வீட்டின் முன்பக்கம் உட்காருவதில்லை. யாராவது இருமினால் எழுந்துவிடுகிறேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. வாழ்நாள் முழுவதும் என்னை மதிக்காத ஒருவனுக்காக நான் ஏன் சாக வேண்டும் என்று நீ எனக்குச் சொல். என்னை விட்டுவிடு.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
11.3.1986

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஜெயிலில் இவருக்குப் படித்துக் காட்டினேன். நோட்டில் இல்லை என்றதும் சிரித்தார். "உங்க அண்ணன் கணக்குல நான் என்னிக்குடி இருந்தேன்?" என்றார். அப்புறம் சிரிப்பு நின்றுபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இளைத்துவிட்டார்.

ஒன்று சொல்கிறேன். கோபப்பட்டால் படுங்கள். பத்திரிகைக்கு உங்கள் பெயரைக் கீழே எழுதிக் கொடுத்தது நான். இவர் அல்ல. இவருக்கு அச்சாபீஸ் எங்கே என்றே தெரியாது. அப்பா பதினோரு நாள் படுக்கையில் கிடந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்று நீங்கள் வரவில்லை. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது, மலம் துடைத்தது எல்லாம் இவர். யார் பெயர் மேலே என்று அச்சுக்கோர்ப்பவர் கேட்டார். எனக்கு ஆத்திரம். சொன்னேன். பத்திரிகையைப் பார்த்துவிட்டு இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "மூத்தவரு பேரத் தூக்கிக் கீழ போட்டுட்டியே" என்று. நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இவரும், நான் அப்படிச் செய்தேன் என்று தெரிந்தால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். இப்போதும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார், வேறு ஒருத்தருக்காக.

இன்னொன்றும் நடந்தது. சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்து நேராகப் பாஞ்சாலியிடம் போனேன். "எதுக்கு தெனம் வந்து நிக்கற? எங்கள என்ன பண்ணணும்னு இருக்கற?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணமாட்டேன் அக்கா" என்றாள். "எங்கம்மா சாவறதுக்கு மின்னாடி எங்கிட்ட சொல்லிச்சி. ஓட்னது சின்னப் பையன், மீசையே மொளைக்கலன்னு. உங்க வூட்டுக்காரருக்கு எம்மாம் பெரிய மீச."

"அப்ப ஏன் சொல்லல?" என்றேன்.

"நான் சொன்னா யாரு கேப்பா? பூ விக்கறவ பொண்ணு. காசு வாங்கிக்கினு மாத்திப் பேசறான்னுவாங்க. நீ எப்ப வாயத் தொறப்பேன்னுதான் பாத்துக்கினு நிக்கிறேன்."

படித்தவர் ஒருத்தர் முதலில் சொன்னால் தானும் சொல்வதாகச் சொல்கிறாள். அவளும் பயப்படுகிறாள் அண்ணா. நானும் பயப்படுகிறேன். நீங்கள் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரில் வாத்தியார் நீங்கள் ஒருத்தர்தான்.

காந்திமதி


திண்டிவனம்
17.3.1986

காந்திமதிக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். பத்திரிகை விஷயத்துக்குப் பதில் எழுத முடியவில்லை. எழுதிக் கிழித்தது இதோடு மூன்று.

வக்கீலுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை, இருபத்து நான்காம் தேதி, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க ஏற்பாடு செய்வதாகப் பதில் போட்டிருக்கிறார். நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். உன் வீட்டுக்காரர் இல்லாத நோட்டு எதற்கு என்று டிரங்க் காலில் கேட்டேன். "இருக்கிறதைக் கொண்டு வாங்க சார்" என்கிறார்.

பஸ்ஸில் வரமாட்டேன். பாசஞ்சர் ரயிலில் வருகிறேன். என்னை அழைக்க யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், குழந்தையை நிச்சயம் கூட்டி வராதே. என் எதிரே வந்தால் தெரியாதவள் மாதிரி போ. இந்தக் கடிதத்தை எதிர்த் தெருத் தபால் பெட்டியில் போடவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பெட்டியில் போடுகிறேன்.

பத்தரை மணிக்குள் கோர்ட்டுக்கு நான் வராவிட்டால் பாஞ்சாலியைப் பேச விடாதே. வீட்டுக்கு அனுப்பிவிடு.

பாண்டுரங்கன்


விழுப்புரம்
28.3.1986

அண்ணா,

எங்கே இருக்கிறீர்கள்?

திண்டிவனம் வீடு பூட்டிக் கிடக்கிறதாம். பிரம்மதேசத்துக்கு ஆள் அனுப்பினேன். அண்ணிக்கும் தெரியவில்லை, அழுதுகொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் புதுச்சேரி பதிப்பாளர் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் உங்களை உள்ளே கூப்பிட்டபோது என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று வக்கீல்தான் பிறகு சொன்னார். மாஜிஸ்திரேட் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு பேரை எண்ணியிருக்கீங்க. பார்த்ததாச் சொல்ற ஆளை மட்டும் ஏன் எண்ணலை?" என்று கேட்டாராம். நீங்கள் தண்ணீர் கேட்டுக் குடித்தீர்களாம். "அவரை நான் ஒரு மனுஷனா மதிக்கலீங்க. தப்பு என் மேலதான்" என்றீர்களாம். மாஜிஸ்திரேட் அதை அப்படியே எழுதச் சொன்னாராம். பொய் சொல்ல வருகிறவன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருப்பான், நீங்கள் உங்களையே காட்டிக்கொடுத்துக்கொண்டீர்கள், அதனால்தான் மாஜிஸ்திரேட் நம்பினார் என்று வக்கீல் நினைக்கிறார். உங்களுக்குப் பிறகு பாஞ்சாலி போனாள். கை கட்டிக்கொண்டுதான் நின்றாள், ஆனால் குரல் வெளியே எனக்குக் கேட்டது.

இவருக்கு ஜாமீன் கிடைத்தது. புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். மில் வேலை போய்விட்டது, அது போகட்டும். முதலாளி மகனைத் தேடுகிறார்கள், அவன் ஊரில் இல்லை. ஜூன் பதினாறாம் தேதி விசாரணை. அன்றைக்கும் நீங்கள் வந்து இதையே சொன்னால்தான் வாக்குமூலம் நிற்குமாம்.

கோர்ட் வாசலில் புல்லட் நின்றதைப் பார்த்துவிட்டு நீங்கள் பின்பக்கமாகப் போய்விட்டதாகப் பியூன் சொன்னார். சாப்பாடு கட்டி எடுத்து வந்திருந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு கார்டு போடுங்கள்.

காந்திமதி


(ஊர் எழுதவில்லை)
9.4.1986

காந்திமதிக்கு,

உயிரோடு இருக்கிறேன். இதைப் பதிப்பாளர் கையால் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கோர்ட்டிலிருந்து நேரே புதுச்சேரி போனேன். எங்கே ஒளிவது என்று யோசித்தபோது, முட்டாள், என் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. பட்டியலில் முதலிடம். நேரு வீதியை ஒட்டி மாடியில் அறை எடுத்தேன். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் ஒருவனை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். முதல் நாள் மாலை ஜன்னலில் நின்று பார்த்தேன். பழக்கத்தில் எண்ண ஆரம்பித்து, இருநூறோடு நிறுத்திவிட்டேன். ஒவ்வொருவனும் என்னைத் தேடி வந்தவனாகத் தெரிந்தான். இந்தத் தெருவில் ஒருவன் என்னைக் குத்திவிட்டு நடந்தே போகலாம். டீக்கடைக்காரர் பால் எடுக்க உள்ளே போயிருப்பார். ஒருவர் சத்தம் கேட்டுத் திரும்புவார். வாழைப்பழக்காரி பார்த்திருப்பாள், பார்த்திருக்கமாட்டாள். மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் கிளம்பி இங்கே வந்தேன். புத்தகத்தில் சேர்க்கத் தகுதியில்லை என்று நான் அடித்துவிட்ட ஊர் இது. மாலை ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் நடந்தால் அதிகம். வந்து இறங்கிய கால் மணியில் மூன்று பேர் கேட்டார்கள்: யார் வீட்டுக்கு, எந்த ஊர், என்ன வேலை. சோடாக்கடை அம்மாள் மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடித்து என்னையே விசாரிக்கிறாள். "வாத்தியாரே, நேத்து ஒரு வெளியூரு ஆளு சைக்கிள்ள வந்தான், பல்லு பெரிசா. ஒனக்குத் தெரிஞ்சவனா?" என்கிறாள். அவன் பால் சங்கத்துக்குக் கணக்கெழுத வந்தவன். ஆனால் அவனை அவள் பார்த்தாள், பல் உட்பட. முன்பெல்லாம் இப்படிக் குடைபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இப்போது அவள் கடை திறக்கும்வரை நான் வெளியே வருவதில்லை.

புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அளவுகோல் தவறு என்றேன். அவருக்குப் புரியவில்லை, கோபித்துக்கொண்டார்.

ஜூன் பதினாறு வருவேன். வரமாட்டேன் என்று மனதுக்குள் நாளைக்குப் பத்து முறை சொல்லிக்கொள்கிறேன், ஆனால் வருவேன். பள்ளிக்கு விடுமுறைக் கடிதம் போட்டாயிற்று. உன் அண்ணியிடம் நான் நலம் என்று மட்டும் சொல், ஊர் தெரிந்தாலும் சொல்லாதே, அவள் வாயில் ஒன்றும் நிற்காது.

அப்பாவைப் பார்க்க நான் வராததற்குப் பரீட்சைப் பேப்பர் காரணமில்லை. அவர் கிடப்பதைப் பார்க்கப் பயந்தேன். நான் எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அதற்கு வேறு பெயர்கள் வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கே என் அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, மரம் இறங்கியிருக்கிறது. இந்த மாதிரி வேலையெல்லாம் அவருக்கு வரும் என்று அப்பா சொல்வார். பதிப்பாளரிடம் கேட்டால் வழி சொல்லுவார். வந்து சரிசெய்து கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார். தாழ்ப்பாள் போட்ட பிறகும் உடனே திரும்ப வேண்டியதில்லை. ஜூன் வரைக்கும் இருக்கட்டும். இங்கே இரண்டு பாய் இருக்கிறது.

பாண்டுரங்கன்